சூடு தெரியாத கை ஏன் எரியுது? கார்டெக்ஸும் தலாமஸும் சேர்ந்து பண்ற வேலை

மாசி, பங்குனில காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் திருவிழாவைப் பாத்தவங்க ஒரு தடவையாச்சும் கேட்டிருப்பாங்க, இந்தக் கன்னத்துல குத்தி அந்தக் கன்னத்துல வெளிய வர்ற மாதிரி அலகு போட்டுக்கிட்டுப் போறாரே, இவருக்கு வலிக்காதான்னு. பக்கத்துல நிக்கிறவங்க "ஆத்தா பாத்துக்குவா"ன்னு சொல்லிருவாங்க, அத்தோட பேச்சு முடிஞ்சிரும். பூக்குழியை இந்தக் கணக்குல நான் சேக்கல, ஏன்னா கங்குல கால் படுற நேரம் ரொம்பக் கம்மி, சாம்பல் பூத்த கரி சூட்டை மெதுவாத்தான் கடத்தும், அதுல பாதி பிசிக்ஸ். அலகு அப்படி இல்ல, தோலும் சதையும் நெசமாவே துளைபடுது, நரம்பு நெசமாவே மேல தாக்கல் அனுப்புது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். நான் இந்தப் பக்கம் பிசியோதெரபி பாக்குறேன், ஸ்ட்ரோக் வந்தவங்க வீட்டுக்குப் போயி பயிற்சி குடுக்குறதுதான் பாதி வேலை. தேவகோட்டைப் பக்கம் ஒரு ஆச்சி, மூளையில வலது பக்கம் சின்ன ஸ்ட்ரோக், இடது கை காலு நல்லாவே தேறி வந்துருச்சு, ஆனா சில மாசம் கழிச்சு அந்தக் கையில எரிச்சல் ஆரம்பிச்சிருக்கு. ஃபேன் காத்து பட்டாக்கூட தாங்கல, முந்தானை உரசினா துடிக்கிறாங்க. "மிளகாயை அரைச்சு அப்புன மாதிரி இருக்கு தம்பி, கையை வெட்டிப் போட்டுரலாமான்னு வருது"ன்னாங்க. கண்ணை மூடிக்கங்க ஆச்சின்னு சொல்லிட்டு அதே கையில வெதுவெதுன்னு ஒரு டம்ளரையும் ஜில்லுன்னு ஒரு டம்ளரையும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தா எது சூடு, எது குளிர்ச்சின்னு அவங்களால சொல்ல முடியல. சூடே தெரியாத கை, ஆனா நாள் பூரா எரியுது.

ஒருத்தருக்கு காயம் இருக்கு, வலி கம்மி. இன்னொருத்தருக்கு காயமே இல்ல, வலி தாங்கல. அப்ப தோல்ல நடக்குறதுக்கும் நமக்கு வலிக்கிறதுக்கும் நடுவுல எங்கயோ கூட்டல் கழித்தல் நடக்குதுன்னு அர்த்தம். அது பல இடத்துல நடக்குது, அதுல முக்கியமான ஒரு இடம் மூளைக்கு நடுவுல இருக்குற தலாமஸ். அந்த தலாமஸ் தன்னிச்சையா எதையும் முடிவு பண்றதில்ல, மேல இருக்குற கார்டெக்ஸ், அதாவது மூளையோட வெளி உறை, ஓயாம அதுகிட்ட பேசிக்கிட்டே இருக்கு. இந்தக் கட்டுரை பூரா அதைப் பத்தித்தான், மெடிக்கல் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல.

முதல்ல தாக்கல் மேல போற வழியைப் பாத்துருவோம். நம்ம பக்கத்து பழைய வீடுகள்ல நிலைப்படி உசரமா இருக்கும், அதுல கால் கட்டைவிரலை இடிச்சுக்கிட்டவங்களுக்கு நான் சொல்லப்போறது உடனே வெளங்கிரும். இடிச்ச உடனே சுரீர்னு ஒண்ணு வரும், எங்க பட்டுச்சுன்னு துல்லியமா தெரியும், காலை இழுத்துருவோம். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அய்யோ இன்னொண்ணு வரப்போகுதேன்னு தெரிஞ்சே பல்லைக் கடிச்சுக்கிட்டு காத்திருப்போம், அப்பத்தான் விண்ணு விண்ணுன்னு ரெண்டாவது வலி வரும், அதுக்கு இடமும் சரியாத் தெரியாது, பாதம் பூரா பரவுன மாதிரி இருக்கும். ரெண்டும் வேற வேற நரம்பு இழை. முதல்ல வர்றது ஏ-டெல்டா, செகண்டுக்கு 5-லேர்ந்து 30 மீட்டர் வேகம். ரெண்டாவது சி ஃபைபர், அது செகண்டுக்கு 0.5-லேர்ந்து 2 மீட்டர்தான் போகும், நம்ம நடக்குற வேகம். கால்விரல்லேர்ந்து முதுகுத்தண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர், நீங்களே கணக்கு போட்டுக்கங்க அந்த இடைவெளி ஏன்னு.

முதுகுத்தண்டுக்குள்ள போனதும் இந்த இழைங்க அங்க இருக்குற அடுத்த செல்லுகிட்ட தாக்கலைக் குடுக்கும், அந்த செல்லோட இழை எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி அப்படியே மேல ஏறும். அதனாலதான் வலது மூளையில ஸ்ட்ரோக் வந்தா இடது கை. இந்தப் பாதைக்கு ஸ்பைனோதலாமிக் டிராக்ட்னு பேரு, வலியும் சூடும் குளிர்ச்சியும் இதுலதான் ஏறுது. மெல்லிசாத் தொடுறது, அதிர்வு, கை எந்த நிலையில இருக்குங்கிற உணர்வு இதெல்லாம் பெரும்பாலும் வேற பாதை. ஆச்சிக்கு சூடு தெரியாமப் போனதும் வலி வந்ததும் ஒரே பாதை சம்பந்தப்பட்டதுங்கிறதை மட்டும் இப்போதைக்கு ஞாபகம் வச்சுக்கங்க, அங்கதான் திரும்ப வரப்போறோம்.

மிளகாய்னு ஆச்சி சொன்னதுல ஒரு சங்கதி இருக்கு. ராமநாதபுரம் முண்டு மிளகாய் வச்சு அரைச்ச குழம்பு நாக்குல பட்டா எரியுதுல்ல, அது ருசி இல்ல, அது வலி நரம்பு. மிளகாய்ல இருக்குற காப்சைசின், நரம்பு முனையில இருக்குற டிஆர்பிவி1-ங்கிற ஒரு புரதத்தைத் திறந்து விடுது. அதே புரதம் 43 டிகிரிக்கு மேல சூடு பட்டாலும் திறக்கும். அதனால சூடும் மிளகாயும் ஒரே எரிச்சலாத் தெரியுது. இதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல நோபல் பரிசு குடுத்தாங்க. ஆனா ஆச்சி கையில மிளகாயும் இல்ல, சூடும் இல்ல, நரம்பு முனையில ஒரு அசைவும் இல்ல. அவங்களுக்கு எரிச்சல் கிளம்புறது மேல, மூளைக்குள்ளேயே.

இப்ப தலாமஸ். மூளைக்கு நட்ட நடுவுல, இடது வலதுன்னு ரெண்டு, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம். வாசனையைத் தவிர மத்த எல்லாப் புலன் தாக்கலும் கார்டெக்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி இதுல நின்னுதான் போகணும். உள்ள சின்னச் சின்ன அறையா பிரிஞ்சிருக்கும், அதுக்கு நியூக்ளியஸ்னு பேரு. வலி விஷயத்துல, வெளிப்பக்கமா இருக்குற அறைங்க, அதுல முக்கியமா வென்ட்ரல் போஸ்டீரியர்னு ஒண்ணு, எங்க வலிக்குது, எவ்வளவு பலமாங்கிற விவரத்தை உணர்வு கார்டெக்ஸுக்கு, அதாவது உடம்போட உணர்ச்சியை வாங்குற கார்டெக்ஸ் பகுதிக்கு அனுப்பும். உள்பக்கமா இருக்குற அறைங்க சிங்குலேட்ங்கிற கார்டெக்ஸோட உள்பக்கப் பகுதி மாதிரியான இடங்களுக்கு அனுப்பும், அங்கதான் அய்யோங்கிற அந்தத் தவிப்பு உண்டாகுது. இந்தப் பிரிவினை கத்தி வச்சு வெட்டுன மாதிரி சுத்தமா இருக்காது, இருந்தாலும் ஆரம்பத்துல படிக்கிறவங்களுக்கு இது போதும். 1997-ல ஹிப்னாஸிஸ் வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, கையை சூடான தண்ணில வச்சுக்கிட்டு, வலியோட பலத்தை மாத்தாம அதோட தவிப்பை மட்டும் கூட்டியும் குறைச்சும் சொல்லிப் பாத்தாங்க, சிங்குலேட்டோட வேலைதான் அதுக்கேத்த மாதிரி மாறுச்சு, உணர்வு கார்டெக்ஸ் பெருசா மாறல. வலியும் வேதனையும் வேற வேறன்னு நம்ம பெரியவங்க சும்மா பேச்சுவாக்குல சொல்றது மூளைக்குள்ளயும் அப்படித்தான் இருக்கு.

பழைய பாடப்புத்தகத்துல தலாமஸை ரிலே ஸ்டேஷன்னு ஒத்த வரில முடிச்சிருவாங்க. கீழேருந்து வாங்கி மேல அனுப்பும், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் படிச்சு பரிட்சை எழுதுனேன். ஆனா மைக்ராஸ்கோப்ல நரம்பு இழைகளைப் பாத்தவங்க ஒரு விஷயத்தை ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டு இருக்காங்க, தலாமஸ்லேர்ந்து கார்டெக்ஸுக்கு ஏறுற இழைகளை விட கார்டெக்ஸ்லேர்ந்து தலாமஸுக்கு இறங்குற இழைங்க பல மடங்கு அதிகம்னு. பார்வைக்கான தலாமஸ் அறையில கண்ணுலேர்ந்து நேரா வர்ற இணைப்பு மொத்தத்துல 10 சதவீதத்துக்கும் கம்மி. மீதியெல்லாம் கார்டெக்ஸும் மூளையோட மத்த இடங்களும் போடுற இணைப்பு. வெறும் ரிலேவா இருந்தா மேலேருந்து இவ்வளவு ஒயர் என்னத்துக்கு?

பழைய செட்டியார் வீட்டை நினைச்சுக்கங்க, கானாடுகாத்தான்லயோ பள்ளத்தூர்லயோ. முகப்புத் திண்ணையில கணக்குப்பிள்ளை உக்காந்திருப்பாரு. ரங்கூன்லேர்ந்து பினாங்குலேர்ந்து வர்ற கடிதாசி, வட்டி கட்ட வர்றவங்க, வீட்டு வேலைக்கு மரம் கொண்டுவந்தவன், எல்லாரும் முதல்ல அவர்கிட்டதான். முதலாளி உள்ள இருப்பாரு. வெளியேருந்து பாக்குறவனுக்கு கணக்குப்பிள்ளை சும்மா வாங்கி உள்ள குடுக்குறாருன்னு தோணும். நெசத்துல உள்ளேருந்து நாள் பூரா அவருக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கும், இன்னாரு வந்தா உடனே அனுப்பு, இன்னாரை உக்கார வை, அந்தக் கடிதாசி ராத்திரி பாத்துக்கலாம், மலாயாக் கடிதாசி வந்துச்சான்னு மறுபடி பாருன்னு. உத்தரவு வந்தா கடிதாசில இருக்குற எழுத்து மாறாது, ஆனா எது உள்ள போகுது, எவ்வளவு அவசரமாப் போகுதுங்கிறது மாறிரும். தலாமஸுக்கும் கார்டெக்ஸுக்கும் இதே உறவுதான். ஆனா இந்த உவமையை இதோட விட்டுருவோம், ஏன்னா வீட்டுல முதலாளி ஒருத்தரு, கார்டெக்ஸ்ல கோடிக்கணக்கான செல்லு, அதுல ஒரு கூட்டம் சொல்றதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம் சொல்லும், அதுதான் இந்தக் கதையிலேயே ருசியான இடம்.

1998-ல மர்ரே ஷெர்மன், ரே கில்லரின்னு ரெண்டு பேரு இதுக்கு ஒரு வகைபிரிச்சாங்க. ஒரு செல்லுக்கு வர்ற இணைப்பு எல்லாம் ஒரே மாதிரி இல்ல, சிலது டிரைவர், சிலது மாடுலேட்டர். டிரைவர்ங்கிறது தாக்கலையே கொண்டு வர்றது, எண்ணிக்கையில கம்மி, ஆனா பலமா இருக்கும். மாடுலேட்டர் எண்ணிக்கையில அதிகம், தனித்தனியாப் பாத்தா பலம் கம்மி, அது புதுத் தாக்கல் எதுவும் கொண்டுவராது, டிரைவர் கொண்டுவந்ததுக்கு செல்லு எந்த அளவுக்கு பதில் சொல்லணும்ங்கிறதை மாத்தும். வென்ட்ரல் போஸ்டீரியர் அறைக்கு முதுகுத்தண்டுலேர்ந்து வர்றது டிரைவர், கார்டெக்ஸோட 6-வது லேயர்லேர்ந்து வர்றது மாடுலேட்டர்.

லேயர்னு சொன்னேன், அதையும் ரெண்டு வரில சொல்லிர்றேன். கார்டெக்ஸ்ங்கிறது மூளையோட மேல்தோல் மாதிரி மூடியிருக்குற 2-லேர்ந்து 4 மில்லிமீட்டர் கனம், அதுக்குள்ள ஆறு அடுக்கு. தலாமஸ்லேர்ந்து வர்றது பெரும்பாலும் 4-வது அடுக்குல வந்து இறங்கும். தலாமஸுக்குத் திரும்பப் பேசுறது 5-ம் 6-ம். இந்த ரெண்டு அடுக்கும் வேற வேற ரகம். 6-வது அடுக்கு, தான் எந்த அறைலேர்ந்து தாக்கல் வாங்குதோ பெரும்பாலும் அந்த அறைக்கே திரும்ப இழை அனுப்பும். 5-வது அடுக்கு அப்படி இல்ல, அது தலாமஸோட வேற அறைகளுக்கு டிரைவராப் போகும், அதோட நிக்காம மூளைத்தண்டு, முதுகுத்தண்டு வரைக்கும் இழை இறக்கும்.

6-வது அடுக்கு பண்ற வேலையில ஒரு சூட்சுமம். அதோட இழை தலாமஸுக்கு நேராப் போயி செல்லைத் தூண்டி விடும். போற வழியிலேயே ஒரு கிளையைப் பிரிச்சு தலாமஸைச் சுத்தி மெல்லிசாப் போத்திக்கிட்டு இருக்குற தலாமிக் ரெட்டிகுலர் நியூக்ளியஸுக்கும் குடுக்கும். இந்த ரெட்டிகுலர்ல இருக்குறது எல்லாம் அடக்குற செல்லு, காபாங்கிற ரசாயனத்தை விட்டு தலாமஸை அமுக்கும். அதாவது ஒரே இழை ஒரு கையால தூண்டுது, இன்னொரு கையால அடக்குது. அப்ப கடைசில ஜெயிக்கிறது எது? அது எந்த வேகத்துல செல்லு அடிக்குது, அதாவது மின் துடிப்பு அனுப்புதுங்கிறதைப் பொறுத்தது. 2015-ல சுண்டெலி மூளையில பாத்தாங்க, 6-வது அடுக்கு எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டுன்னு அடிச்சா தலாமஸ் அடங்குது, செகண்டுக்கு 10 தடவைன்னு தொடர்ந்து அடிச்சா அடக்குற பக்கம் களைச்சுப்போயி தூண்டுற பக்கம் ஓங்கிருது. கூட்டுறதா குறைக்கிறதாங்கிறது ஒயர்ல மட்டும் எழுதியிருக்கல, எப்படிப் பேசுறோம்ங்கிறதுலயும் இருக்கு. டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக் கடைசி காலத்துல மூளைப் பக்கம் வந்தாரு, 1984-ல இந்த ரெட்டிகுலர் நியூக்ளியஸைப் பத்தி எழுதுனப்ப இதுதான் நம்ம கவனத்தைத் திருப்புற விளக்குன்னு ஒரு யோசனை சொன்னாரு. எல்லாம் அவர் சொன்ன மாதிரியே அமையல, ஆனா அந்த மெல்லிசான போர்வையை சும்மா விட்டுறக்கூடாதுன்னு நிறைய பேரு பாக்க ஆரம்பிச்சாங்க.

இன்னொரு விஷயம், அடக்குனா வலி குறையும்னு சுலபமா முடிவுக்கு வந்துறாதீங்க. தலாமஸ் செல்லுல டி-டைப் கால்சியம் சேனல்னு, கால்சியம் உள்ள போற ஒரு வாசல் இருக்கு, செல்லை ரொம்ப நேரம் ரொம்ப ஆழமா அமுக்கி வச்சா இந்த சேனல் தயார் நிலைக்கு வந்துரும், அப்புறம் லேசா விட்டாக்கூட படபடபடன்னு ஒரு கொத்தா அடிச்சுத் தள்ளும். தீராத வலி இருக்குறவங்களுக்கு ஆபரேஷன் பண்ணும்போது தலாமஸ்ல எலெக்ட்ரோடு வச்சுப் பதிவு பண்ணப்ப இந்த மாதிரி கொத்துக் கொத்தா அடிக்கிறதைப் பாத்திருக்காங்க. கீழேருந்து வர வேண்டிய தாக்கல் வரல, செல்லு அமுங்கிக் கிடக்குது, அதனாலேயே தானா வெடிக்குது.

இப்ப ஆச்சி கதைக்கு வரலாம். சூடும் வலியும் ஒரே பாதைன்னு சொன்னேன்ல, அந்தப் பாதையில வர வேண்டிய தாக்கல்தான் அவங்களுக்கு அறுந்துபோச்சு. இது புது வியாதி இல்ல. 1906-ல பாரிஸ்ல டெஜரீன், ரூசி ரெண்டு பேரும் தலாமஸ்ல அடிபட்ட ஸ்ட்ரோக்காரங்களுக்கு எதிர்ப்பக்க உடம்புல உணர்ச்சி மரத்துப்போயி அதே பக்கத்துல தாங்க முடியாத வலி வர்றதை விவரிச்சு எழுதுனாங்க, இன்னைக்கும் டெஜரீன்-ரூசி சிண்ட்ரோம்னு சொல்றாங்க. 1911-ல லண்டன்ல ஹென்றி ஹெட், கோர்டன் ஹோம்ஸ் இதுக்கு ஒரு காரணம் சொன்னாங்க, கார்டெக்ஸ் சாதாரணமா தலாமஸை அடக்கி வச்சிருக்கு, அந்தப் பிடி அறுந்தா தலாமஸ் இஷ்டத்துக்கு ஆடுதுன்னு. ஹெட்டைப் பத்தி ஒரு கொசுறு, மனுசன் உணர்ச்சி எப்படித் திரும்ப வருதுன்னு பாக்க 1903-ல தன் கையில ஓடுற நரம்பையே வெட்ட வச்சு வருசக்கணக்கா தன்னையே சோதிச்சுப் பாத்தாரு. அப்படிப்பட்டவரு வலியைப் பத்தி சொன்னா கேட்டுக்கத்தான் வேணும். நூறு வருசத்துக்கு முன்னாடி, ஸ்கேனும் இல்லாத காலத்துல, மேலேருந்து கீழ ஒரு பிடி இருக்குன்னு கண்டுக்கிட்டது பெரிய விஷயம்.

ஆனா அவங்க சொன்னது பாதி. கார்டெக்ஸ்னா அடக்குறது மட்டும்தான்னு நினைச்சாங்க. 2023-ல ஜெர்மனில ஹைடெல்பர்க்ல இருக்குற ஒரு குழு சுண்டெலிகள்ல பண்ணுன ஆராய்ச்சி என்னை நிமிந்து உக்கார வச்சுச்சு. ஒரு குறிப்பிட்ட அடுக்கு செல்லுங்களை மட்டும் வெளிச்சத்தால இயக்குற மாதிரி மாத்திட்டு, உணர்வு கார்டெக்ஸ்ல வெளிச்சம் போட்டுப் பாத்தாங்க. 6-வது அடுக்கை இயக்குனா சுண்டெலிக்கு உணர்ச்சி கூடிருச்சு, லேசாத் தொட்டாலே பாதத்தை இழுத்துக்குது, யாரும் தொடாமலேயே வலிச்ச மாதிரி நடந்துக்குது, அந்த நிலையே அதுக்குப் பிடிக்கல. தலாமஸைப் பதிவு பண்ணிப் பாத்தா அங்க கீழேருந்து வர்ற தாக்கலுக்கு பதில் பலமா ஆகியிருக்கு. அதே நேரத்துல 6-வது அடுக்கு பக்கத்துல இருக்குற 5-வது அடுக்கை அமுக்கிருது. சரி, 5-ஐ மட்டும் நேரா அமுக்கிப் பாப்போம்னு பாத்தாங்க, அதே வலி நடத்தை வந்துச்சு. அப்ப 5-ஐ இயக்குனா? உணர்ச்சி குறைஞ்சுச்சு, வீக்கத்தால தொட்டாலே வலிக்கிற நிலைல இருந்த சுண்டெலிகளுக்கு அந்தத் தொடு வலி தணிஞ்சுச்சு.

கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. கார்டெக்ஸ்ல அதே துண்டு இடம், ஒரு மில்லிமீட்டர்கூட தள்ளி இல்ல, மேல ஒரு அடுக்கு குறைக்குது, கீழ ஒரு அடுக்கு கூட்டுது, கூட்டுறது குறைக்கிறதோட வாயையும் பொத்துது. அந்த சுண்டெலி பாதத்துல காயம் இல்ல, தோலுல எதுவும் மாறல, வெளிச்சம் போட்டது தலையில. ஆனா அது காட்டுன வலி நடிப்பு இல்ல, எலிக்கு நடிக்கத் தெரியாது. வலி மூளையில உண்டாகுதுன்னா மனப்பிரமைன்னு அர்த்தம் பண்ணிக்கிறவங்க இந்த ஒரு சோதனையைப் படிச்சாப் போதும்னு நான் நினைக்கிறேன். ஆச்சியை ஒரு இடத்துல காட்டுனப்ப, ஸ்கேன்ல புதுசா ஒண்ணும் இல்ல, மனசைத் திடமா வச்சுக்கங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அதுக்கப்புறம் வீட்டுல ஆச்சி தன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுகும்போதெல்லாம் மருமக "நடிக்காதீங்க ஆத்தா"ன்னு சொல்ல ஆரம்பிச்சிருச்சு. அந்தப் பிள்ளையைக் குத்தம் சொல்ல முடியாது, வெளிய ஒண்ணும் தெரியலையே.

அப்ப அலகு குத்துனவருக்கு? அவருக்கு நடக்குறதை தலாமஸ் மேல மட்டும் போட்டா தப்பு. கார்டெக்ஸுக்கு இன்னொரு வழியும் இருக்கு, நெத்திப்பக்கக் கார்டெக்ஸும் சிங்குலேட்டும் நடுமூளையில இருக்குற பெரிஅக்விடக்டல் கிரேங்கிற இடத்தைத் தூண்டும், அது மூளைத்தண்டு வழியா முதுகுத்தண்டுக்கு ஆளனுப்பி, வலி மேல ஏறுற முதல் படியிலேயே அடக்கும். 1969-ல எலிகளுக்கு அந்த இடத்துல மின்சாரம் குடுத்து மயக்கமருந்து இல்லாமலேயே வயித்துல ஆபரேஷன் பண்ணிக் காமிச்சாங்க. 1965-லயே மெல்ஸாக், வால் ரெண்டு பேரும் சொன்ன கேட் தியரில, அதாவது முதுகுத்தண்டுல வலித் தாக்கலுக்கு ஒரு கதவு மாதிரி இருக்குங்கிற கருத்துல, மேலேருந்து வர்ற கட்டுப்பாட்டுக்கு ஒரு அம்புக்குறி போட்டிருந்தாங்க. 1978-ல பல்லு பிடுங்குனவங்களுக்கு வெறும் மருந்தில்லாத ஊசி போட்டப்ப சிலருக்கு வலி குறைஞ்சுச்சு, அவங்களுக்கே நாலோக்ஸோன்னு மார்பினை முறிக்கிற மருந்து குடுத்தா வலி திரும்ப வந்துச்சு. நம்பிக்கையில குறையுற வலிக்குப் பின்னாடி உடம்பே சுரக்குற மார்பின் மாதிரி ஒரு ரசாயனம் வேலை செய்யுதுன்னு அதுலேர்ந்துதான் புரிஞ்சுக்கிட்டாங்க.

ரெண்டாம் உலகப்போர்ல இத்தாலிப் போர்முனையில ஹென்றி பீச்சர்னு ஒரு அமெரிக்க டாக்டர் பாத்தது இன்னும் ஆச்சரியம், மோசமா காயம்பட்ட சிப்பாய்கள்ல முக்கால்வாசிப் பேரு, வலிக்கு மருந்து வேணுமான்னு கேட்டா வேணாம்னாங்க. 1946-ல எழுதுனாரு. காயம் அவங்களுக்கு வீட்டுக்குப் போற டிக்கெட், அதே காயம் ஊர்ல ஒரு ஆக்ஸிடென்ட்ல பட்டவனுக்கு அப்படி இல்ல. தைப்பூசத்துக்கு குன்றக்குடிலேர்ந்து நத்தம், திண்டுக்கல் வழியா பழனிக்கு காவடியோட நடக்குற நகரத்தாரைக் கேட்டுப் பாருங்க, 150 கிலோமீட்டருக்கு மேல, கூட்டத்தோட பாட்டோட போகும்போது கால்ல கொப்புளம் இருக்குறதே தெரியாது, ராத்திரி தங்குற எடத்துல காலை நீட்டி உக்காந்ததும்தான் ஒவ்வொண்ணா எரிய ஆரம்பிக்கும். கொப்புளம் அதேதான், மேலேருந்து போன உத்தரவுதான் மாறிருச்சு. முதுகுத்தண்டுல கொஞ்சம், தலாமஸ்ல கொஞ்சம், கார்டெக்ஸுக்குள்ளேயே கொஞ்சம்னு.

ஆனா இதை வச்சுக்கிட்டு "மனசு வச்சா வலியை ஜெயிக்கலாம்"னு வாட்ஸ்அப் பார்வர்டு அனுப்புறவங்க மேல எனக்குக் கோவம்தான் வருது. அலகு குத்துறவருக்கு இந்த மெஷின் பூரா நல்லா இருக்கு, விரதம் இருந்து, தயாராகி, சுத்தி ஊரே நின்னு, அந்த இறங்கு பாதைங்க எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. ஆச்சிக்கு அந்த மெஷினே அடிபட்டிருக்கு. கால் உடைஞ்சவன்கிட்ட போயி பழனிக்கு நடக்குறவங்களைக் காமிச்சு நீயும் மனசு வைய்யின்னு சொல்றதுல என்ன நியாயம் இருக்கு?

இந்த அறிவால வைத்தியத்துக்கு ஏதாச்சும் பிரயோசனம் உண்டான்னா, உண்டு. 1991-ல ஜப்பான்ல சுபோகாவான்னு ஒரு நியூரோசர்ஜன், இந்த மாதிரி தலாமஸ் வலிக்காரங்களுக்கு உணர்வு கார்டெக்ஸ்ல இல்ல, அதுக்கு முன்னாடி இருக்குற மோட்டார் கார்டெக்ஸ் மேல எலெக்ட்ரோடு வச்சு லேசா மின்சாரம் குடுத்துப் பாத்தாரு, கணிசமானவங்களுக்கு வலி குறைஞ்சுச்சு. கையை அசைக்கிற இடத்தைத் தூண்டுனா கை வலி ஏன் குறையணும்? பிரான்ஸ்ல லியோன்ல அப்படித் தூண்டும்போதே மூளையை ஸ்கேன் பண்ணிப் பாத்தப்ப தலாமஸ்ல ரத்த ஓட்டம் கூடியிருந்துச்சு, சிங்குலேட், மூளைத்தண்டு மாதிரி இடங்கள்லயும். மேலேருந்து இறங்குற பாதை வழியாத்தான் வேலை நடக்குதுன்னு அது காட்டுச்சு. இப்ப தலையைத் திறக்காமலேயே வெளியேருந்து காந்த காயில் வச்சுத் தூண்டுற முறையும் இருக்கு, பெரிய ஊர்கள்ல பண்றாங்க, எல்லாருக்கும் கேக்காது, கேட்டாலும் திரும்பத் திரும்பப் பண்ணணும்.

நம்ம ஊர்ல முதல்ல குடுக்குறது மாத்திரைதான். பாராசிட்டமால், டைக்ளோபினாக் மாதிரி சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்கு அனேகமா வேலை செய்யாது, ஏன்னா அதுங்க கேக்குறது பெரும்பாலும் வீக்கம், காயத்துலேர்ந்து கிளம்புற வலிக்குத்தான். இதுக்கு நியூரோ டாக்டர் அமிட்ரிப்டிலின், லாமோட்ரிஜின், பிரீகாபலின் இந்த மாதிரி குடுப்பாங்க. "இது டிப்ரஷன் மாத்திரையாச்சே, இது வலிப்பு மாத்திரையாச்சே, எனக்கு என்னத்துக்கு"ன்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டுட்டு நிறுத்துறவங்க நிறையப் பேரு, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க, நரம்பு செல்லு படபடன்னு அடிக்கிறதையும் இறங்குற பாதையையும் சரிபண்ணத்தான் குடுக்குறாங்க. வயசானவங்களுக்கு தலைசுத்தல், தூக்கம் வரும், அதனால டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவாங்க, நீங்களா பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பாத்து வாங்கிச் சாப்பிடக்கூடாது.

வீட்டுல பாத்துக்கிறவங்களுக்கு ஒண்ணு முக்கியமா சொல்லணும். வலின்னு சொன்ன உடனே நம்ம பக்கம் முதல்ல பண்றது உப்பு ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம், நொச்சித் தைலம். இந்தக் கைக்கு அது ஆபத்து. வலி இருக்கு, ஆனா சூடு தெரியாது, தோலு பொசுங்குனாக்கூட எடுங்கன்னு அவங்களுக்கு சொல்லத் தெரியாது. குளிக்கிற தண்ணியை நல்ல பக்கத்துக் கையால தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, அடுப்படில நிக்கும்போது அந்தக் கை எங்க இருக்குன்னு கண்ணால பாத்துக்கிட்டே இருக்கணும். உரசாத மெல்லிசான பருத்தித் துணி, ஃபேன் காத்து நேரா படாத இடத்துல கட்டில், இதெல்லாம் சின்ன விஷயம், ஆனா ராத்திரி தூக்கம் வரும்.

டாக்டர்கிட்ட போகும்போது வெறும் "கை வலிக்குது"ன்னு சொல்லாதீங்க. ஸ்ட்ரோக் வந்து எத்தனை நாள் கழிச்சு ஆரம்பிச்சுச்சு, எரிச்சலா, குத்தலா, ஐஸ் வச்ச மாதிரியா, துணி பட்டா கூடுதா, குளிர்ல கூடுதா, கையை அசைக்காம வச்சிருந்தாலும் இருக்கான்னு தனித்தனியா சொல்லுங்க. ஸ்ட்ரோக்னால பாதிச்ச கைப் பக்கத்துல தோள்பட்டை மூட்டு வலியும் ரொம்ப சகஜம், அது கையைத் தூக்குனா கூடும், சும்மா வச்சா அடங்கும், அதுக்கு எங்க பயிற்சியே போதும். ரெண்டும் ஒருத்தருக்கே இருக்கவும் செய்யும், ஆச்சிக்கு இருந்துச்சு, தோளுக்கு நான் பயிற்சி குடுக்குறேன், எரிச்சலுக்கு மதுரைல நியூரோ டாக்டர் பாக்குறாரு.